31,000 ரூபாய் ரோட் பைக், 7,900 கிலோமீட்டருக்குப் பிறகு

இரண்டே கால் ஆண்டுக்கு முன், ரோட் பைக் என்னும் பந்தய வகைப் பழைய சைக்கிள் ஒன்றை 31,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்று காலை சென்னையை ஒட்டிய கோவளம் போய்த் திரும்பியபோது மீட்டர் 7,900 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. வாங்கிய புதிதில் எழுத உட்கார்ந்திருந்தால் பெயிண்ட் நிறத்தையும் எடையையும் பற்றியே எழுதியிருப்பேன். இப்போது எழுத வேண்டியவை வேறு.

எனக்கு வயது 47. உயரம் 157 செ.மீ. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தே பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அம்மாவும் நானும் ஒரே கோடை விடுமுறையில், ஒரே வாடகை சைக்கிளில் பழகினோம். லேடீஸ் சைக்கிள் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஜென்ட்ஸ் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஆரம்பம். பிறகு திருச்சியில் கல்லூரி, கல்யாணம், சென்னையில் வங்கி வேலை. இருபத்து நான்கு ஆண்டுகள் சைக்கிளைத் தொடவில்லை. மறுபடி ஓட்ட வேண்டும் என்று தோன்றியதும் வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் உள்ள சைக்கிள்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் அவை போவதைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன்.

உடம்பு ஒத்துழைக்குமா என்று தெரியாமல் பெரிய பணத்தைப் போட்டுப் புதிது வாங்க மனம் வரவில்லை. அதனால் பழையது.

முதலில் வேளச்சேரியில் ஒன்று பார்த்தேன். இரண்டு வருடம்தான் ஓடியிருந்தது, 24,000 ரூபாய், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஃப்ரேம் அளவு 52 செ.மீ. விற்பவர் நல்ல பையன். "ஸ்டெம் மட்டும் மாத்திட்டா உங்களுக்குக் கரெக்டா செட் ஆயிடும் மேடம்" என்றார். ஸ்டெம் என்றால் ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு. இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கவும் கொடுத்தார். அந்த இரண்டு நாளுக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். சீட்டை இறக்கிவிட்டதால் கால் எட்டியது. ஆனால் சிக்னலில் இறங்கி நின்றால் நடுவில் இருக்கும் பார் இடித்தது. கையை நீட்டி நீட்டிப் பிடித்ததில் இருபதாவது நிமிடத்தில் உள்ளங்கை மரத்துப்போனது, கழுத்து கனத்தது. பிரேக் லீவரை விரல் நுனியால்தான் தொட முடிந்தது.

அப்போதுதான் அளவு என்பதை ஒழுங்காகப் படித்தேன். சுவரோடு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே மேலே தள்ளிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். எனக்கு 72 செ.மீ. வந்தது. அதை 0.65-ஆல் பெருக்கினால் ஃப்ரேம் அளவு ஓரளவுக்குத் தெரியும்: 46.8. 0.883-ஆல் பெருக்கினால் இரண்டு பெடல் கைகளும் சேரும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட் மேல்தளம் வரை இருக்க வேண்டிய உயரம்: 63.6 செ.மீ. கிரெக் லெமாண்ட் பெயரில் புழங்கும் கணக்கு இது. துல்லியமானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் 52 எனக்குக் கிடையாது என்று சொல்ல இது போதும்.

ஸ்டெம்மை 100 மி.மீ.யிலிருந்து 80 ஆக்கினால் கை எட்டும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய ஃப்ரேமில் ஹேண்டில்பாரும் அகலம், பெடலைத் தாங்கும் கையான கிராங்கும் நீளம். என் தோளுக்கு 38 செ.மீ. ஹேண்டில்பார் போதும், அதில் இருந்தது 42. கிராங்க் 172.5 மி.மீ., எனக்கு 165 வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றினால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். எல்லாம் மாற்றிய பிறகும் நடுப் பாரின் உயரம் குறையப் போவதில்லை. பழைய சைக்கிளில் மாற்ற முடியாத ஒரே பொருள் ஃப்ரேம். அதன் அளவும் அதன் உடம்பும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தேய்கிற, வாங்கிப் பூட்டுகிற சாமான். இரண்டே கால் வருடத்தில் நான் தெரிந்துகொண்டதில் இதுதான் முதல் இடம்.

சின்ன அளவில் பழைய ரோட் பைக் கிடைப்பது கஷ்டம். நான்கு மாதம் காத்திருந்தேன். நடுவில் பெசன்ட் நகரில் 49 அளவில் ஒன்று வந்தது. கடலைப் பார்த்த பால்கனியில் மூன்று வருடம் நின்ற வண்டி. மேலோட்டமாகப் பார்த்தால் புதுசு. சீட் போஸ்ட் போல்ட்டைத் தளர்த்தி அசைத்துப் பார்த்தேன், நகரவே இல்லை. உப்புக் காற்றில் அலுமினியம் அரித்து ஃப்ரேமுக்குள் பிடித்துக்கொண்டுவிட்டது. ஸ்டெம் போல்ட்டைச் சுற்றியும் வெள்ளைப் பொடி. சென்னையில் சைக்கிள் பார்க்கப் போகிறவர்கள் ஒரு 5 மி.மீ. ஆலன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சீட் போஸ்ட் ஏறி இறங்கவில்லை என்றால் விலை பேசவே வேண்டாம்.

கடைசியில் கோயம்புத்தூரில் 48 கிடைத்தது. விற்பவரின் அக்கா ஓட்டியது. அவர் வெளிநாடு போனதும் வண்டி வீட்டுக்குள் மாட்டியே இருந்திருக்கிறது. அலுமினிய ஃப்ரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் கார்பன், ஷிமானோ சோரா 9 ஸ்பீட் கீர், ரிம் பிரேக். 2015-ன் பில் இருந்தது. நடு அச்சுக்கு அடியில் பொறித்திருந்த சீரியல் எண்ணும் பில்லில் இருந்த எண்ணும் ஒன்றுதான். திருட்டு வண்டி இல்லை என்று உறுதி செய்ய எனக்குத் தெரிந்த வழி அது. "நிதானமாப் பாருங்க அக்கா, ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் காபி போடப் போய்விட்டார். ஒரு மணி நேரம் பார்த்தேன்.

முதலில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கீழ்க்குழாய் ஹேண்டிலோடு சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். வண்டி நேராக எதிலாவது மோதியிருந்தால் அந்த இடத்தில்தான் பெயிண்ட் சுருங்கியோ புடைத்தோ இருக்கும். விரல் நகத்தால் வருடிப் பார்த்தேன், வழவழப்பாக இருந்தது. நடு அச்சுப் பகுதியிலும் செயினை ஒட்டிய பின்குழாயிலும் விரிசல் இல்லை. ஃபோர்க்கின் தோள்பட்டையில் கீறலும் இல்லை. கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியதில் ஆட்டம் இல்லை. முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளியதில் ஹேண்டில் கழுத்தில் டக்டக் சத்தம் வரவில்லை. ரிம்மில் பிரேக் கட்டை உரசும் பட்டையின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், குழி விழவில்லை. செயின் 12 அங்குல நீளத்துக்கு 304.8 மி.மீ. இருக்க வேண்டும். தேய்ந்து 306-ஐத் தாண்டிவிட்டால் புதிது வேண்டும், அப்படியே விட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். இது தாண்டியிருந்தது. டயர் ஓரங்கள் வெடித்திருந்தன. கேபிளெல்லாம் இறுகிப் போயிருந்தன. இவற்றைக் காட்டித்தான் 36,000-லிருந்து 31,000-க்கு இறக்கினேன்.

வண்டியை ஆம்னி பஸ்ஸில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். முன்சக்கரத்தைக் கழற்றி அட்டை சுற்றியவள், கீர் இருக்கும் பக்கத்தை மேலே வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். கீரை மாற்றும் பின் டீரெயிலர் தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு, அதாவது ஹேங்கர், உள்பக்கமாக வளைந்துவிட்டது. மூன்று வாரம் கீர் தானாக மாறுவதும் செயின் கரகரப்பதுமாக இருந்தது. கேபிளைத்தான் திருகிக்கொண்டிருந்தார்கள். நான்காவது முறை, வயதான ஒரு மெக்கானிக் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு "கேபிள்ல ஒண்ணும் இல்ல மேடம், காது வளைஞ்சிருக்கு" என்றார். இந்த ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு. பழைய மாடலுக்குத் தேடி எடுக்க மேலும் இரண்டு வாரம் ஆனது. இப்போது ஒன்று வண்டியில், ஒன்று அலமாரியில்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டயர், ட்யூப், கேபிள், ஹேண்டில் டேப், ஹேங்கர், இரண்டு செயின், சீட், பல்சக்கரம், லாங் கேஜ் எனப்படும் நீளக் கை உள்ள ஒரு பழைய டீரெயிலர், பஸ் கூலி, ஓவராயில் கூலி எல்லாம் சேர்த்து இதுவரை 19,000 ரூபாய். ஆக மொத்தம் 50,000. கையில் 50,000 இருந்தால் 30,000 அளவில் வண்டி பாருங்கள். மிச்சம் தானாகச் செலவாகும்.

அதில் நான் மனதாரச் செய்த செலவு டயர். 23 மி.மீ. அகல டயரோடு வந்தது. ரிம் பிரேக் ஃப்ரேம் பலவற்றில் 25-க்கு மேல் நுழையாது. இதில் 28 நுழைகிறது, பிரேக்குக்கு அடியில் நூலிழை இடைவெளிதான். 23-ல் 100 பிஎஸ்ஐ காற்றடித்து ஓட்டியபோது முட்டுக்காடு பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் முதுகுத்தண்டில் தெரியும். 28-ல் 65 பிஎஸ்ஐ போதும். வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை, மணிக்கட்டு வலி நின்றுவிட்டது. வால்வு மெல்லிய ப்ரெஸ்டா வகை என்பதால் பஞ்சர் கடைக் குழாய் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறேன். அது இல்லாத ஒரு நாள் வடநெம்மேலியிலிருந்து கணிசமான தூரம் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் கீர். பல்சக்கரங்களில் முன்னால் 50–34 பல், பின்னால் 12–25 பல். ஈசிஆர் தட்டையானது, அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. ஆறாவது மாதம் ஏலகிரி போனோம். 14 கொண்டை ஊசி வளைவுகள், கபிலர், ஔவையார், பாரி என்று பெயர்ப்பலகைகள். பாதிக்கு மேல் இறங்கி நடந்தேன். 34-க்கு 25 என்னும்போது நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறியாக வேண்டும், அந்த ஏற்றத்தில் அது என் காலுக்கு மீறியது. பின்னால் 32 பல் போட்டால் அதே மிதிக்கு 8 கி.மீ. போதும். பழைய டீரெயிலர் 32-ஐத் தாங்காது, அதனால்தான் லாங் கேஜ். அடுத்த வருடம் இறங்காமல் ஏறினேன். இருபது வயதுக் காலுக்கு ஏற்ற கீரோடுதான் பழைய ரோட் பைக்குகள் பெரும்பாலும் வருகின்றன. திரும்பி வருகிறவர்கள் பின்சக்கரத்தின் பெரிய பல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. சின்ன ஃப்ரேமில் பெரிய சக்கரம் பூட்டியிருப்பதால், மெதுவாகத் திரும்பும்போது கால் கட்டைவிரல் முன்டயரைத் தொடும். வேகத்தில் இது நடக்காது, ஆனால் அபார்ட்மெண்ட் வாசலில் ஒருமுறை விழுந்தேன். மழையில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. ஒரு சுற்று ஈரத்தைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும், அதனால் ஐப்பசி கார்த்திகையில் மழை என்றால் எடுப்பதில்லை. கேரியர் போட இடமே இல்லை. ஊரிலிருந்து வந்த அம்மா டயரை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது அதைத்தான்: "கேரியர் இல்லாம இதுல எதைடி ஏத்திட்டு வருவ?" அவர் நெல் மூட்டையும் தண்ணீர்க் குடமும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஓட்டியவர், அப்படித்தான் கேட்பார்.

உப்புக் காற்றுக்காக மாதம் ஒருமுறை சீட் போஸ்ட்டை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுகிறேன். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துச் செயினை உலர்த்தி எண்ணெய் விடுகிறேன். பத்து நிமிட வேலை, பெசன்ட் நகர் பால்கனி நினைவுக்கு வருவதால் ஒரு நாளும் விடுவதில்லை.

எங்கள் கிளையில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி போன மாதம் இதை ஓட்டிப் பார்த்தாள். பிடித்துப்போய், "நீ புதுசு வாங்கிக்கோ, இதை எனக்குக் கொடுத்துடு" என்றாள். மதிய இடைவேளையில் ஒரு தடித்த லெட்ஜரைக் கொடுத்துச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். 76 செ.மீ. என் வண்டி அவளுக்குச் சின்னது. இப்போது இருவருமாக 50 தேடிக்கொண்டிருக்கிறோம். வரும் ஞாயிறு தாம்பரத்தில் ஒன்று பார்க்கப் போகிறோம், ஆலன் சாவியை எடுத்து வைத்தாயிற்று.