7-ஸிப்: மூன்று வருடத்துக்குப் பிறகும் உறுத்தும் ஒரு டிக்

தண்டையார்பேட்டையில் பள்ளி ஒன்றில் வேலை செய்யும் அக்கா நேற்று கேட்டார்: "பிள்ளைங்க சர்டிபிகேட்டை எல்லாம் மெயில்ல அனுப்பச் சொல்றாங்க, நீ எதுலப்பா அனுப்புற?" சட்டென்று 7-ஸிப் என்று சொல்லிவிட்டேன், ஃபைல்களைச் சுருக்கிப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் மென்பொருள் அது. ராத்திரி மனசு கேட்கவில்லை.

எனக்கு ராயபுரம் பக்கம் பள்ளி அலுவலக வேலை. சாதிச் சான்று, மாற்றுத்திறனாளிச் சான்று, ஆதார் நகல் எல்லாவற்றையும் மூன்று வருடமாக இதில் பூட்டித்தான் அனுப்புகிறேன். காசு கிடையாது, எங்கள் பழைய கம்ப்யூட்டரிலும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. பாஸ்வேர்டு மறந்துபோனால் பூட்டிய எனக்கே திறக்காது. அந்தக் கறார் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் முதல் வருடம் நடந்தது இன்னும் ஆறவில்லை. 7-ஸிப்பில் ஸிப், 7இசட் என்று இரண்டு ஃபார்மட்டிலும் பூட்டலாம். நான் ஸிப் ஃபார்மட்டில் போட்டு, பாஸ்வேர்டு வைத்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பாஸ்வேர்டைச் சொல்ல ஃபோன் செய்தால், எடுத்தவர் ஒரு பையன் பெயரைச் சொல்லி, "இவனுக்கு மனநலப் பிரச்சினையா சார்?" என்கிறார். அவர் எதையும் திறக்கவே இல்லை. ஸிப்பில் பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர் வெளியே தெரியும். நானோ பையன் பெயரையும் சான்றின் வகையையும் சேர்த்தே ஃபைலுக்குப் பெயர் வைத்திருந்தேன். அவன் வீடு காசிமேடு. அங்கே ஒரு வீட்டுச் சேதி, அடிபம்பில் குடம் நிறைவதற்குள் தெருமுனை போய்விடும்.

பெயரையும் மறைக்க 7இசட் ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்து, 'என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்' கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்த டிக் தானாக விழுந்திருக்காது. ஸிப்பிலேயே அனுப்பினால் ஏஇஎஸ்-256 என்ற பலமான பூட்டு முறையையும் நாம்தான் மாற்றி வைக்க வேண்டும். அதுவாக எடுத்துக்கொள்வது பழைய, பலவீனமான ஸிப்கிரிப்டோவை. பூட்டு விற்பவன் கொண்டியைத் தனியாகக் கேட்டு வாங்கச் சொல்வானா?

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லாருமே குழந்தைகள். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எனக்கு அந்த ஃபோன் கேள்வியே போதும். இப்போது ஃபைல் பெயரில் வெறும் வரிசை எண்தான், பாஸ்வேர்டு ஃபோனில் மட்டும்தான்.

மூன்று வருடத்தில் ஒரு ஃபைல்கூடக் கெட்டதில்லை. நாளைக்கும் இதில்தான் அனுப்புவேன். ஆனாலும் காலையில் அக்காவுக்கு ஃபோன் போட்டு, "வேணாங்க்கா. சனிக்கிழமை வந்து பக்கத்துல உக்காந்து காட்டுறேன், அதுவரைக்கும் ஒண்ணும் அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.