பழைய எச்61 போர்டுக்கு ஐ7-3770 பொருந்துமா?

2012 ஏப்ரலில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ7-3770 ப்ராசஸரை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஐ3-2100 ப்ராசஸர் இருந்த, இன்டெல் எச்61 சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) கொண்ட மதர்போர்டில் பொருத்திப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு கோர் இருந்த இடத்தில் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளக்கூடிய வேலை வரிசைகள்). ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகமான கேஷ், 3 எம்பிக்குப் பதில் 8 எம்பி. வீடியோ எடிட் செய்பவர்களுக்கும், பிரௌசரில் பல டேப்களைத் திறந்துவைத்தபடி வேலை பார்ப்பவர்களுக்கும் இந்த வித்தியாசம் முதல் நாளிலேயே தெரியும். போர்டையும் ரேமையும் மாற்றாமல் இவ்வளவு வேகம் கிடைப்பதால் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால், உங்கள் போர்டு இதை ஏற்கும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், "சாக்கெட் 1155தானே, போட்டால் ஓடும்" என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எச்61 போர்டுகள் 2011இல் சாண்டி பிரிட்ஜ் எனப்படும் இரண்டாம் தலைமுறைக்காக வந்தவை. 3770 மூன்றாம் தலைமுறையான ஐவி பிரிட்ஜைச் சேர்ந்தது. சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தாலும், பயாஸ் (கணினியைத் துவக்கும், போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருள்) பழையதாக இருந்தால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ஆகவே ஐ3-ஐக் கழற்றுவதற்கு முன்பே, அதை வைத்தே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். சில போர்டுகளில் அதோடு மேனேஜ்மென்ட் என்ஜின் (சிப்செட்டுக்குள் இருக்கும் இன்டெலின் துணைக் கட்டுப்பாட்டுப் பகுதி) ஃபர்ம்வேரும் 7இலிருந்து 8ஆம் பதிப்புக்கு மாற வேண்டியிருக்கும். நடுவில் கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

சிபியு-இசட் மென்பொருளில் மெயின்போர்டு பகுதியைத் திறந்தால் போர்டின் மாடலும் பயாஸ் பதிப்பும் தெரியும். பிறகு, போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான சிபியு பட்டியலில் 3770 இருக்கிறதா, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மாடல் ஒன்றாக இருந்தாலும் ரிவிஷன் மாறினால் பயாஸ் ஃபைலும் மாறக்கூடும். கேபினட்டைத் திறந்து, போர்டின் மூலையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணை டார்ச் அடித்தாவது படித்துவிடுங்கள். பழைய அலுவலகக் கணினிகளில் காணப்படும் க்யூ65, க்யூ67, பி65 சிப்செட்டுகளுக்கு ஐவி பிரிட்ஜ் ஆதரவை இன்டெல் அதிகாரப்பூர்வமாக அளிக்கவில்லை. அவற்றுக்கு இதை வாங்காதீர்கள்.

மின் தேவை 65 வாட்டிலிருந்து 77 வாட்டாக உயர்வதால், நல்ல ஹீட் சிங்க்கும் புதிய தெர்மல் பேஸ்ட்டும் அவசியம். எச்61-இல் ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட) முடியாது என்பதால், அதற்கென்றே வந்த 3770கே-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இந்தத் தலைமுறை இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் லினக்ஸ் நல்ல வழி.

ஏற்கெனவே ஐ5-2400 போன்ற நான்கு கோர் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இதில் கிடைக்கும் லாபம் குறைவு. அவர்கள் அதே பணத்தில் ரேமைக் கூட்டி, ஒரு எஸ்எஸ்டி போட்டுக்கொள்வது மேல்.