ஆறாம் வகுப்புக்கு எங்கே: ஃபாதர் ஸ்கூலா, அரசுப் பள்ளியா?

கிருஷ்ணகிரி பக்கம் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வரும். ஃபாதர் ஸ்கூல் என்று சொல்லும் அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ப்பதா, அரசு மேல்நிலைப் பள்ளியிலா?

சத்துணவு, சீருடை, பாடநூல் இரண்டிலும் உண்டு. பிளஸ் ஒன் சைக்கிளும் அப்படித்தான். கல்லூரி போனபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது கிடைக்கின்றன.

இடிக்கும் இடம் ஒன்றுதான். 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் 2021இல் இதே ஒதுக்கீடு வந்துவிட்டது. பிள்ளை டாக்டர் கனவில் இருந்தால் இதை முதலில் யோசியுங்கள்.

சரி, ஃபாதர் ஸ்கூலில் என்ன கூடுதல்? கூடிச் செய்யும் வேலைகள். விளையாட்டு விழாவுக்கு முன் சிவப்பு அணி, நீல அணி என்று பிரிந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதே பிள்ளைகள்தான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (சமய பாடம்) நடக்கும் நேரத்தில் மற்ற மதப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. எலத்தகிரி மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்களில் கோயில் திருவிழா வந்தால் பள்ளியும் சேர்ந்து களைகட்டும். கண்டிப்பும் அதிகம்; தலைமுடிக்குக்கூடக் கணக்குக் கேட்பார்கள்!

என் ஓட்டு? நீட் நினைப்பு இருந்தால் அரசுப் பள்ளி. மேடை, மைதானம் என்று அலையும் பிள்ளைக்கு ஃபாதர் ஸ்கூல்.