வாசோப்ரெசின் ஊசி: கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம்

கிருமித் தொற்றால் பி.பி. ஆபத்தாக விழும் செப்டிக் ஷாக்கில் முதல் மருந்து, ரத்தக் குழாயைச் சுருக்கி பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலின்தான், அதில் சண்டையே இல்லை. ஆனால் அதன் அளவை ஏற்றிக்கொண்டே போய், நோயாளி கைவிட்டுப் போகிற கட்டத்தில்தான் சில இடங்களில் வாசோப்ரெசினை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறார்கள். அது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மைக்ரோகிராமைத் தொட்டதுமே இதைச் சேர்க்க யோசிக்கச் சொல்கிறது 2021 சர்வதேச வழிகாட்டுதல்.

பிட்யூட்டரி சுரப்பி விடும் ஹார்மோன்தான் இது. ஷாக் நீண்டால் உடம்பின் கையிருப்பு தீர்ந்துவிடும், அதனால்தான் வெளியிலிருந்து கொஞ்சம் கொடுத்தாலே பி.பி. நிமிர்கிறது, போதாததற்கு, ரத்தக் குழாயில் இது வேலை செய்யும் ஏற்பி (மருந்து போய் ஒட்டும் இடம்) வேறு என்பதால் நார்அட்ரினலின் மட்டும் போதாத நேரத்திலும் கை கொடுக்கிறது.

பயன்படுத்துவது சுலபம். 20 யூனிட் ஆம்ப்யூலை சலைனில் கலந்து மொத்தம் 50 மி.லி. ஆக்கி சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 4.5 மி.லி. ஓடவிட்டால் நிமிடத்துக்கு 0.03 யூனிட், எடைக் கணக்கு கிடையாது. நடுராத்திரி டியூட்டியில் இது பெரிய நிம்மதி. ஆனால் சென்ட்ரல் லைனில்தான் (பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் குழாய்) போக வேண்டும், கையில் போட்ட ஊசி வழியாகக் கசிந்தால் தோலே செத்துப்போகும்.

பி.பி. ஏறவில்லை என்று இதன் அளவை இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள். போர்வையை விலக்கிக் கால் விரல்களைப் பாருங்கள், நகத்தடி நீலமாகி விரல் சில்லிட்டிருந்தால் அது எச்சரிக்கை. வயிறு உப்பி, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட்டும் ஏறினால் குடலுக்கு ரத்தம் போகிறதா என்று உடனே யோசியுங்கள்.

உயிர் பிழைப்பில் மாயம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். 2008இல் வந்த வாஸ்ட் ஆய்வில் 778 பேரிடம் நார்அட்ரினலினோடு ஒப்பிட்டார்கள், மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இதயம் நின்றுபோனால் 40 யூனிட் போடும் பழைய வழக்கத்தையும் அமெரிக்க இதயச் சங்கம் 2015இல் எடுத்துவிட்டது, அட்ரினலினைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று. சரியான முடிவு. விலையும் நார்அட்ரினலினைவிடக் கூடத்தான், இருந்தாலும் எங்கள் ஐ.சி.யூ.வில் இது இல்லாமல் இருக்கக் கூடாது என்றுதான் சொல்வேன்.

அப்புறம், சிறுநீரைக் கட்டுப்படுத்துவதும் இதே ஹார்மோன்தான், அதனால் இதை நிறுத்திய பிறகு சிறுநீர் திடீரென்று வெள்ளமாகப் போனால் கிட்னி தேறிவிட்டது என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் சோடியம் டெஸ்ட் அனுப்பிப் பாருங்கள்.