ஏறி இறங்கும் வளர்ச்சிப் பங்கு: வைத்திருப்பதா, வாங்கி விற்பதா, அளவு கட்டுவதா?

வளர்ச்சிப் பங்கு ஒன்றை, அதாவது வேகமாக வளரும் என்ற நம்பிக்கையில் வாங்கப்படும் நிறுவனப் பங்கு ஒன்றை, வாங்கியவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் வைத்திருக்கிறீர்களா, விற்றுவிட்டீர்களா? இரண்டே வழிதான் உண்டு என்பதுபோலத் தோன்றும். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: மொத்தச் சேமிப்பில் அந்தப் பங்குக்கு ஓர் அளவு கட்டுவது. சொல்லிப் பெருமைப்பட அதில் எதுவும் இல்லாததால் அது அதிகம் பேசப்படுவதில்லை. சொந்தச் சேமிப்பில் பங்கு வாங்கும் தனிநபருக்கு அதுவே மற்ற இரண்டையும்விட நல்லது என்று நினைக்கிறேன்.

வாங்கி, அப்படியே வைத்திருப்பது

இந்தக் கட்சிக்காரர்கள் முதலில் எடுப்பது அமேசானைத்தான். 1999 டிசம்பரில் 100 டாலரைத் தாண்டியிருந்த பங்கு 2001 செப்டம்பரில் 6 டாலருக்கு வந்தது. பழைய உச்சத்தை மறுபடி தொட 2009 வரை ஆனது. அந்தச் சரிவுக் காலத்திலும் நிறுவனத்தின் விற்பனை கூடிக்கொண்டேதான் போனது: 1999-இல் 164 கோடி டாலர், 2001-இல் 312 கோடி டாலர். விலையை விடு, வியாபாரத்தைப் பார் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, கணினி வலையமைப்புக் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோவை, அதே காலத்தில், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2000 மார்ச்சில் 80 டாலர். உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனம் என்ற இடத்தைக் கொஞ்ச காலம் பிடித்திருந்தது. 2002 அக்டோபருக்குள் விலை 85 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வியாபாரம் என்ன ஆனது? 2000 நிதியாண்டில் சுமார் 1,890 கோடி டாலராக இருந்த விற்பனை 2010-இல் சுமார் 4,000 கோடி ஆனது. விற்பனை இரண்டு மடங்கு ஆகியும் அந்த ஆண்டு பங்கு விலை பழைய உச்சத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. நிறுவனம் நன்றாகத்தான் வளர்ந்தது. ஆண்டு லாபத்தைப்போல 100 மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்த வளர்ச்சி போதவில்லை, அவ்வளவுதான்.

2000-இன் தொடக்கத்தில் இந்த இரண்டையும் கையில் வைத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். சிஸ்கோ லாபத்தில் இருந்தது, அமேசான் நஷ்டத்தில் இருந்தது. நிதானமான மனிதர் யாராக இருந்தாலும் சிஸ்கோதான் பாதுகாப்பு என்று சொல்லியிருப்பார். 'நல்ல நிறுவனமாகப் பார்த்து வாங்கி மறந்துவிடு' என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை குறைந்தது இந்த இடத்தில்தான்.

ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரையிலான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்தார். அரசின் குறுகிய காலக் கடன் பத்திரத்தைவிடக் கூடுதலாகப் பங்குச் சந்தை ஈட்டிய மொத்தச் செல்வமும் சுமார் 4 சதவீத நிறுவனங்களிலிருந்தே வந்தது என்று கண்டார். பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அந்தக் கடன் பத்திரத்தின் வருமானத்தைக்கூடத் தாண்டவில்லை. இதில் இரண்டு பக்கமும் கூர்மை உண்டு. உங்கள் பங்கு அந்த 4 சதவீதத்தில் ஒன்று என்றால் விற்பது பெருநஷ்டம். இல்லையென்றால் விற்காமல் இருப்பது பெருநஷ்டம்.

ஏறும்போது விற்று, இறங்கும்போது வாங்குவது

தினமும் 4, 5 சதவீதம் ஆடும் பங்கைப் பார்க்கும்போது இதில் கொஞ்சமாவது எடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முடிவுகள் சரியாக அமைய வேண்டும்: விற்கும் நேரம், திரும்ப நுழையும் நேரம். பெரும்பாலோர் கோட்டை விடுவது இரண்டாவதில்.

சிப் நிறுவனமான என்விடியாவை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பர் முதல் 2022 அக்டோபர் வரை 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வழியில் எங்கோ விற்றவர் அன்று புத்திசாலி. ஆனால் 2023-இல் அது மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. அதில் மே 25 அன்று, காலாண்டு முடிவு வந்த மறுநாள், ஒரே நாளில் சுமார் 24 சதவீதம். விற்ற விலைக்குக் கீழே வரட்டும் என்று வெளியே காத்திருந்தவருக்கு அந்த நாள் திரும்ப வராது. தான் விற்ற விலையைவிட அதிகம் கொடுத்து அதே பங்கை வாங்க மனம் எளிதில் ஒப்பாது.

ஸ்டாப்-லாஸ் (விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர்) போட்டுவிட்டால் போதும் என்பவர்கள் நெட்ஃபிளிக்ஸின் 2022 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். 19-ஆம் தேதி 348 டாலரில் முடிந்தது. சந்தை மூடிய பிறகு, சந்தாதாரர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் வர்த்தகம் தொடங்கியதே 245 டாலர் அருகில்தான், முடிந்தது 226-இல். 320-இல் ஸ்டாப்-லாஸ் போட்டிருந்தவருக்கு 320 கிடைக்கவில்லை, தொடக்க விலைதான் கிடைத்தது. இடையில் வர்த்தகமே நடக்கவில்லை என்றால் எந்த ஆர்டரும் அங்கே நிறைவேறாது. வளர்ச்சிப் பங்கின் பெரிய அடிகள் பலவும் இப்படிக் காலாண்டு முடிவு நாளில், இரவோடு இரவாக விழுகின்றன. அதே பங்கு 2023 ஜனவரிக்குள் 350-ஐத் தாண்டிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவான கணக்கும் இந்த வழிக்குச் சாதகமாக இல்லை. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் 1991 முதல் 1996 வரை ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தில் 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தார்கள். அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது. சந்தை தந்ததோ 17.9 சதவீதம். இது தரகுக் கட்டணம் அதிகமாக இருந்த காலத்துக் கணக்கு. இன்று கட்டணம் குறைந்திருக்கிறது. ஆனால் பல நாடுகளில் குறுகிய கால லாபத்துக்கு வரி கூடுதல் என்பது மாறவில்லை.

கையில் இருக்கும் பங்கின் மீது கால் ஆப்ஷன் (குறிப்பிட்ட விலைக்கு அந்தப் பங்கை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும் உரிமை) விற்று மாதாமாதம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு. வளர்ச்சிப் பங்குக்கு அது பொருந்தாது. பெரிய ஏற்றத்தைக் கைவிட்டு, பெரிய சரிவை மட்டும் வைத்துக்கொள்வதாக முடியும்.

அளவு கட்டுவது

என் ஓட்டு இதற்குத்தான். மொத்தச் சேமிப்பில் இந்த ஒரு பங்கு எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வது. அதைத் தாண்டினால் தாண்டியதை மட்டும் விற்பது.

மொத்தச் சேமிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பங்கில் 10, வேறு இடங்களில் 90. வரம்பு 15 சதவீதம். பங்கு மூன்று மடங்காகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன. இப்போது மொத்தம் 120, பங்கு அதில் 30, அதாவது கால் பாகம். 12-ஐ விற்றால் பங்கு 18-க்கு வரும். போட்ட 10 கைக்கு வந்துவிட்டது, மேலே 2-ம் கிடைத்தது, 18 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் அது 70 சதவீதம் விழுந்தால்? வரம்பு வைத்தவரிடம் மொத்தம் 107.4 மிஞ்சும். விற்காமல் வைத்திருந்தவரிடம் 99. மாறாக, அங்கிருந்து இன்னும் இரண்டு மடங்கானால் வரம்பு வைத்தவரிடம் 138, வைத்திருந்தவரிடம் 150. விட்டுக்கொடுத்தது 12. வலிக்கும்தான். ஆனால் அந்த வலியோடு இரவில் தூங்கலாம்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, விற்பதற்கான காரணம் மாறிவிடுவது. 'இது உச்சமா?' என்று கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் அதற்கு யாரிடமும் பதில் இல்லை. 'இது என் சேமிப்பில் எவ்வளவு?' என்பதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும்.

இறங்கும்போது மட்டும் இதே விதியைத் திருப்பிப் போட்டு, சதவீதம் குறைந்ததும் தானாக வாங்கி நிரப்பக் கூடாது. உடற்பயிற்சி சைக்கிள் விற்கும் பெலட்டன் 2021 ஜனவரி உச்சத்திலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் விழுந்த பங்கு. 80 சதவீதம் விழுந்தபோது இனி எங்கே விழப்போகிறது என்று வாங்கியவரின் பணமும் அங்கிருந்து பாதிக்குக் கீழே போனது. 90 சதவீதச் சரிவிலிருந்து மீள ஒரு பங்கு பத்து மடங்காக வேண்டும். ஆகவே இறக்கத்தில் வாங்குவதற்குத் தனிக் காரணம் வேண்டும். விற்பனை இன்னும் வளர்கிறதா, கையில் இருக்கும் பணம் எத்தனை ஆண்டுக்குத் தாங்கும், புதுப் பங்குகளை வெளியிட்டே காலத்தை ஓட்டுகிறார்களா என்று காலாண்டு அறிக்கையில் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

தரகரிடம் கடன் வாங்கிய பணம் என்றால் இந்த ஒப்பீடு எதுவுமே பொருந்தாது. விலை விழுந்து கடனுக்கு ஈடு போதாமல் போனால், எப்போது விற்பது என்பதைத் தரகர் முடிவு செய்வார். அமேசானை 6 டாலர் வரை கடனோடு கொண்டுபோயிருக்க யாராலும் முடிந்திருக்காது.

வரம்பு எவ்வளவு வைப்பது? இந்தப் பங்கு 80 சதவீதம் விழுந்தால் மொத்தச் சேமிப்பில் எவ்வளவு போகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 15 சதவீத வரம்பு என்றால் 12 போகும். அந்த எண்ணிக்கை உங்களுக்கு அதிகமாகப் பட்டால் 10-க்கு, 5-க்கு இறக்குங்கள். பங்கை வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஏறத் தொடங்கிய பிறகு எல்லா வரம்பும் சிறியதாகவே தெரியும்.