ஷட்டிலா, டிராகனா: தரையிறங்கிய பிறகு நடக்கும் வேலை

எங்கள் ஊர் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் பறக்கும் விண்கலங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல நேரம். நாசாவின் ஸ்பேஸ் ஷட்டிலா, ஸ்பேஸ்எக்ஸின் க்ரூ டிராகனா? டிராகனை எடுத்தேன்.

கம்பீரத்தில் ஷட்டிலுக்கு ஈடில்லை. 18 மீட்டர் நீளச் சரக்கு அறை, ஓடுபாதையில் இறக்கம். ஹப்பிள் தொலைநோக்கியை 1990-இல் கொண்டுபோய் விட்டதும், 1993-இல் போய்ப் பழுது பார்த்ததும் ஷட்டில்தான். டிராகனுக்கு அந்த வேலை ஆகாது. வழக்கமாக 4 பேரை ஏற்றிப் போகும், பாராசூட்டில் கடலில் இறங்கும், அவ்வளவுதான்.

ஆனால் மறுபயன்பாடு என்று வந்தால் நான் பார்ப்பது ஒன்றே: இறங்கிய கலம் மறுபடி கிளம்புவதற்குள் எத்தனை கைவேலை?

ஷட்டிலின் உடம்பு அலுமினியம். மறுநுழைவின் சூட்டிலிருந்து (விண்ணிலிருந்து திரும்பும்போது காற்று மண்டலத்தில் நுழைகையில் எழும் சூடு) அதைக் காக்க, முதல் கலமான கொலம்பியாவில் மட்டும் 30,000-க்கும் அதிகமான சிலிக்கா ஓடுகள். இடத்துக்கு இடம் வடிவம் மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஓட்டுக்கும் உடம்புக்கும் நடுவே ஃபெல்ட் துணி, சிலிகான் பசை. ஓடு தண்ணீரை உறிஞ்சாமலிருக்க ஏற்றிய ரசாயனம் மறுநுழைவில் எரிந்துபோகும். அதனால் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஓடு ஓடாகப் போய், சின்னத் துளை வழியாக அதை மறுபடி செலுத்த வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் திரும்பப் பறக்கும் என்று திட்டமிட்ட கலம், மிக வேகமாகத் திரும்பியதே 54 நாளில்தான்; 1985-இல், அட்லாண்டிஸ் என்ற ஷட்டில்.

இந்தக் கவசம் ஏவுதலின்போது திறந்தே கிடந்தது இன்னொரு சிக்கல். எரிபொருள் தொட்டியின் பக்கவாட்டில் கலம் ஒட்டிக்கொண்டு போனதால், மேலிருந்து எது பெயர்ந்தாலும் அதன்மேல் விழ வழியிருந்தது. 2003-இல் தொட்டியின் நுரைக் காப்புத் துண்டு ஒன்று கொலம்பியாவின் இடது இறக்கை முனையைத் துளைத்தது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லாவோடு சேர்த்து ஏழு பேரை இழந்தோம். 1986-இல் இன்னொரு ஷட்டிலான சேலஞ்சர் சிதைந்தபோதும் உள்ளே இருந்தவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை.

டிராகன் ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அடிப்பக்கத்து முக்கிய வெப்பக் கவசத்தை, திரும்பும் நேரம் வரை ‘ட்ரங்க்’ என்ற பகுதி மூடியிருக்கும். ராக்கெட்டில் கோளாறு என்றால் 8 சூப்பர்டிராகோ எஞ்சின்கள் கலத்தை இழுத்துக்கொண்டு விலகும். 2020 ஜனவரியில் ஆளில்லாமல் பறக்கவிட்டு அதைக் காட்டினார்கள். பராமரிக்க வேண்டிய பரப்பே சிறியது. எனக்குத் தீர்ப்பு அங்கேயே முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. ட்ரங்க் திரும்பி வராது, ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கும் வராது. 2019 ஏப்ரலில் தரைச் சோதனையில் ஒரு கலமே வெடித்தது, வால்வில் கசிவு. அந்த இடத்தில் வேறு அமைப்பு வைத்த பிறகே, 2020 மே மாதம் பாப் பென்கனும் டக் ஹர்லியும் ஏறினார்கள். 2011-இல் ஷட்டிலின் கடைசிப் பயணத்தை ஓட்டியவர்களில் ஹர்லியும் ஒருவர்.

நீண்டகால உழைப்பைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேச மாட்டேன். ஷட்டில்களில் ஒன்றான டிஸ்கவரி 39 முறை பறந்தது. டிராகன்களில் மூத்த எண்டெவர் 2025-இல் கிளம்பியது ஆறாவது பயணத்துக்கு. உப்புத் தண்ணீரில் விழுந்து விழுந்து எழும் கலம் இருபதாவது பயணத்தில் எப்படி இருக்கும் என்பதை அது பறந்து காட்டினால்தான் உண்டு.