'ஆடியோ கிரேடு' லேன் கேபிள் விற்க வருகிறார்கள், உஷார்

வீட்டில் ஸ்ட்ரீமரும் (நெட்டிலிருந்து பாட்டை எடுத்துத் தரும் பெட்டி) நல்ல ஸ்பீக்கரும் வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். மாலையில் கச்சேரி கேட்கும்போது பாட்டு நடுநடுவே நின்று போகிறது என்று என் பெரியப்பா ஒரு ஆடியோ கடையில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கே வந்து பாட்டுக்கென்றே செய்தது என்று சொல்லி 'ஆடியோ கிரேடு' லேன் கேபிளையும் (ரவுட்டரிலிருந்து நெட் கொண்டுவரும் வயர்) ஒரு நெட்வொர்க் ஸ்விட்சையும் (ஒரு லேன் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பில் 38,000 ரூபாய்.

விவரம் கேட்க நான் கூப்பிட்டதும் கடைக்காரர் வந்து மறுபடி செய்து காட்டினார். முதலில் பழைய இணைப்பு என்று சொல்லி, போனிலிருந்து புளூடூத்தில் பாட்டைப் போட்டார். அப்புறம் புதுக் கேபிள் வழியாக, ஸ்ட்ரீமரில். ரிமோட்டில் சத்தத்தையும் இரண்டு புள்ளி ஏற்றினார். புளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும். சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். இதில் கேபிளின் வேலை எதுவும் இல்லை.

கேபிள் உறையில் ஓர் அம்புக்குறி வேறு. தலைகீழாக மாட்டினால் வீணை மந்தமாகிவிடுமாம். லேன் கேபிளில் தரவு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஓடுகிறது. அது சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகும், ஒவ்வொரு பொட்டலத்தோடும் 32 பிட் சரிபார்ப்பு எண் போகும். கெட்டுப்போன பொட்டலத்தைத் தூக்கியெறிந்துவிட்டு ஸ்ட்ரீமர் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். பாட்டு அப்படியே வரும், இல்லையென்றால் நின்றுவிடும். மந்தமாக ஒலிக்க வழியே கிடையாது. நெட் மெதுவானால் சில ஆப்கள் தரத்தைத் தாங்களே குறைக்கும். அதை ஆப் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். அதைவிட உயர்ந்த 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரம் என்றாலும் 9.2 மெகாபிட்தான். சாதாரண கேட் 5இ வகை லேன் கேபிளே 100 மீட்டர் வரை 1,000 மெகாபிட் தாங்கும்.

பெரியப்பா வீட்டில் உண்மையான கோளாறு வைஃபைதான். அவர்கள் கேபிள் வரும் முன் ஸ்ட்ரீமர் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் இருந்தது. மாலையில் அந்த அடுக்குமாடி முழுக்க அதே அலைவரிசையில். அவர்கள் கேபிளைக் கழற்றிவிட்டு ரவுட்டரிலிருந்து சாதாரண கேட் 6 கேபிள் இழுத்தேன், சில நூறு ரூபாய். அதிலும் பாட்டு நிற்கவில்லை. அவர்கள் மாட்டிய கேபிளில் இரு முனையும் உலோகம். அது ரவுட்டரின் எர்த்தையும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தையும் சேர்த்துவிட்டதால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருந்தது. கழற்றியதும் அதுவும் நின்றது.

திருப்பிக் கொடுக்கப் போனால்தான் அவர்கள் தந்திரம் புரிந்தது. "இருநூறு மணி நேரம் ஓடினால்தான் கேபிள் பழகும், பொறுங்க சார்" என்று பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். பில்லிலோ ஏழு நாளுக்குள் மட்டுமே திருப்ப முடியும். இரவு பகலாக ஓட்டினாலும் ஏழு நாளுக்கு 168 மணி நேரம்தானே!

பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி விற்றிருந்தால் பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு அதே எண்ணில் கூப்பிடுங்கள்.